ஹாஃப் எஞ்சினா, ஃபுல் எஞ்சினா?

பிக்கப் வண்டிக்கு எஞ்சின் மாற்றுவது என்று பட்டறையில் சொன்னால் அது மூன்று வேலைகளில் ஒன்றாக இருக்கும். முதலாவது ஹாஃப் எஞ்சின். பிளாக், கிராங்க், பிஸ்டன், கனெக்டிங் ராடு அடங்கிய அடிப்பகுதி மட்டும் புதிதாக வரும். ஹெட், டீசல் பம்பு, டர்போ, ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிக் கழுவி இதில் மாட்ட வேண்டும். இரண்டாவது ஃபுல் எஞ்சின். அதே ரக வண்டியின் எஞ்சின் முழுசாக, பெரும்பாலும் விபத்தில் நொறுங்கிக் கண்டமான இன்னொரு வண்டியிலிருந்து வந்து இறங்கும். மூன்றாவது, அந்த வண்டிக்குக் கம்பெனி வைக்காத வேறு ரக எஞ்சினை ஏற்றுவது. முதல் இரண்டும் பழுதுபார்ப்பு. மூன்றாவது வண்டியின் பிறப்பையே மாற்றுவது. முப்பது வருடத்துக்கு முன்பு இந்த மூன்றுக்கும் இடையே பட்டறைக்காரர்கள் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. இன்றைய பிக்கப்பில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது.

தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குச் சரக்கே முதல் காரணம். பொதிகையில் பிறக்கும் ஆறு புன்னைக்காயலில் கடல் சேரும் வரை ஏறத்தாழ 128 கி.மீ. ஓடுகிறது. அதன் கரையில் விளைவதில் பெரும்பகுதி கனமும் கூடியது, காத்திருக்கவும் செய்யாதது. சேரன்மகாதேவியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஏரலிலும் வெட்டிய வாழைத்தார் அன்றைக்கே கிளம்ப வேண்டும். பாவூர்சத்திரம், ஆலங்குளம் சந்தைக் காய்கறி செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு மலைப்பாதை ஏறிக் கேரளத்துக்குப் போயாக வேண்டும். இந்த ஓட்டத்தை லாரியிடமிருந்து பறித்துக்கொண்டவை சிறு வண்டிகள்தான். 2005-இல் வந்த டாடா ஏஸ் 702 சி.சி.யும் இரண்டே சிலிண்டரும் கொண்டது. தமிழ்நாட்டில் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பேர் விழுந்தது. 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. கனச் சரக்குக்கு மஹிந்திரா பொலிரோ பிக்கப் ஏற்கெனவே இருந்தது. ஆர்.சி. புக்கில் எழுதிய எடைக்கும் தார்ப்பாய்க்குள் கட்டிய எடைக்கும் உள்ள உறவை எல்லோரும் அறிவார்கள். அந்தக் கூடுதல் எடையோடு இரண்டாவது கியரிலேயே நெடுநேரம் மலையேறும் எஞ்சின், சமவெளியில் ஓடும் எஞ்சினைவிடச் சீக்கிரம் தேய்கிறது.

தேய்ந்ததைப் புகை காட்டிக்கொடுக்கும். கறும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வண்டி சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. ஆயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று காற்றும் புகையும் அடித்தால் மெக்கானிக் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே எரிந்த வாயு கசிந்து கீழே இறங்குகிறது என்று பொருள். ஆனாலும் ஒரு எச்சரிக்கை. டர்போவின் ஆயில் சீல் போனாலும் இதே நீலப்புகை வரும். இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே கறும்புகை வரும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்காமல், புகையை மட்டும் பார்த்து எஞ்சினை இறக்கச் சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

இரண்டாவது காரணம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதியிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை ஆற்றோர ஊர்கள் மூழ்கின. வீட்டு வாசலிலும் வாழைத்தோப்பு ஓரத்திலும் நின்ற வண்டிகள் பானெட் வரை தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற டீசல் எஞ்சினைக் கொல்வது தண்ணீர் மட்டுமல்ல, வடிந்த பிறகு ஆவலில் திருகும் சாவியும்தான். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கி, அந்த நெருக்கத்தில் எழும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைப்பது அதன் வேலை முறை. காற்று நெருங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் போயிருந்தாலும் மேலே ஏறும் பிஸ்டன் அதில் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில சமயம் ராடு முறிந்து பிளாக்கின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதற்கு மேல், சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூழ்கிய வண்டிக்குச் செய்ய வேண்டியது எளிது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல், கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வர வேண்டும். இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கிராங்கைக் கையால் சுற்றினால் தண்ணீர் வெளியே பீச்சும். ஆயிலை வடித்துப் பார்த்து, பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் வண்டலும் வருவதால் பேரிங்குகளையும் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்த எஞ்சின்கள் பிழைத்தன. மற்றவற்றின் சொந்தக்காரர்கள்தான் ஹாஃப் எஞ்சின் விலை விசாரித்தார்கள்.

வேறு எஞ்சினை ஏற்றும் பழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, திருக்குறுங்குடிக்காரரான டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் நிறுவிய டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயு அடுப்புகளைத் தயாரித்தது. பஸ்ஸோடு பொருத்திய அடுப்பில் கரியை எரித்து, அந்த வாயுவில் பெட்ரோல் எஞ்சினை ஓட்டினார்கள். இழுவை குறைந்தாலும் வண்டி நிற்கவில்லை. அங்கே மாறியது எரிபொருள். எஞ்சினே மாறும் காலம் ஜீப்போடு வந்தது. மஹிந்திரா 1947-இல் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப் பெட்ரோலை வெகுவாகக் குடிக்கும் வண்டி. டீசலோ அரசின் தயவில் மலிவாக விற்றது. 1979-இல் அந்த நிறுவனம் பிரான்சின் பெஜோவிடம் உரிமம் பெற்று டீசல் எஞ்சின் செய்யத் தொடங்கியது. அதன் பிறகு, பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சினை ஏற்றுவது லேத் பட்டறைகளுக்குப் பழகிப்போன வேலையானது. அம்பாசிடர் கார்களுக்கும் இதே கதி நேர்ந்தது.

அன்றைக்கு அது ஏன் முடிந்தது? பழைய டீசல் எஞ்சின் யாரையும் எதுவும் கேட்காது. டீசலை அளந்து அழுத்தும் பம்பு முழுக்க இரும்பு; அது எஞ்சினின் பற்சக்கரத்திலேயே ஓடும். ஸ்டார்ட்டருக்கு ஒரு வயர், நிறுத்த ஒரு வயர் அல்லது கேபிள், டேங்குக்குத் திரும்பும் ஒரு டீசல் குழாய். மிச்சமெல்லாம் இரும்பு வேலை. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே வைக்க ஓர் இரும்புத் தட்டை லேத்தில் கடைந்து, மவுண்டிங் கையை வெல்டு வைத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தைச் சரிசெய்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும். கூடுதல் எடைக்கு முன் பட்டையில் ஒரு இலை சேர்ப்பார்கள். இந்தக் கைத்திறனை இன்று ஏளனம் செய்பவர்கள் அதைச் செய்து பார்த்தவர்கள் அல்ல.

இன்றைய பிக்கப்பில் அந்த இரும்புப் பம்பின் இடத்தில் காமன் ரெயில் உட்கார்ந்திருக்கிறது. டேங்கிலிருந்து வரும் டீசலை ஒரு பம்பு உயர் அழுத்தத்துக்கு ஏற்றி, ரெயில் என்ற தடித்த குழாயில் தேக்கி வைக்கிறது. அழுத்தம் 1,600 பார், அதற்கும் மேல். பிக்கப் டயரில் இருப்பது நாலைந்து பார்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயை ஏன் கையால் தளர்த்தக் கூடாது என்பது விளங்கும். ரெயிலிலிருந்து எந்தச் சிலிண்டருக்கு, எந்த நொடியில், எவ்வளவு டீசல் என்பதைத் தீர்மானிப்பது ஈ.சி.எம். என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி. கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது, கேம் எங்கே, காற்று எவ்வளவு, கூலன்ட் எவ்வளவு சூடு, ஓட்டுநரின் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரே வீச்சுக்குள் இன்ஜெக்டர் பல தடவை திறந்து மூடுகிறது.

இந்த மாற்றத்தைக் கட்டாயமாக்கியது புகை விதி. பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுக்க 2017 ஏப்ரல் 1 முதலும், பாரத் ஸ்டேஜ் 6 2020 ஏப்ரல் 1 முதலும் அமலுக்கு வந்தன. டீசலும் மாறியது. பி.எஸ். 3 டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம், பி.எஸ். 4-இல் அது 50 ஆனது, பி.எஸ். 6-இல் 10. கந்தகம் குறைந்ததால்தான் சைலன்சர் குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியையும், நச்சு வாயுவை மாற்றும் கருவிகளையும் வைக்க முடிந்தது. வடிகட்டி நிரம்பும்போது ஈ.சி.எம். கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளித்துச் சூட்டை ஏற்றி, பிடித்த கரியை எரித்துச் சாம்பலாக்கும். எஞ்சினும் சைலன்சரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வேலை செய்வது டீசல் வண்டிக்குப் புதுசு.

இங்கேதான் சபலம் வருகிறது. ஐந்தாறு வருடம் ஓடிய பி.எஸ். 6 பிக்கப்பில் ஒரு இன்ஜெக்டர் போனாலே பில் கையைக் கடிக்கிறது. பக்கத்தில் காயலான் கடையில் பழைய பம்பு எஞ்சின் கிடக்கிறது. ‘அதைத் தூக்கி இதில் வைத்தால் சென்சாரும் வேண்டாம், ஸ்கேனரும் வேண்டாம்’ என்கிறார் ஒருவர். பொலிரோ பிக்கப்பில் இந்தப் பேச்சு இன்னும் எளிதாக நம்பவைக்கும். அதன் பழைய டி.ஐ. பம்பு எஞ்சினும் பின்னால் வந்த காமன் ரெயில் எஞ்சினும் ஒரே 2,523 சி.சி. கொள்ளளவு. பார்வைக்குச் சொந்தக்காரர்கள்.

பட்டறையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் கணக்கு உதைக்கும். கிராங்க் சென்சாரின் பேச்சு நின்றுபோன ஈ.சி.எம். எஞ்சினே இல்லை என்று முடிவு கட்டிவிடும். மீட்டர் போர்டில் விளக்குகள் அணையாமல் எரியும். ஆர்.பி.எம். முள் எழாது. ரேடியேட்டர் விசிறியும் ஏ.சி.யும் ஈ.சி.எம்மின் உத்தரவில் ஓடும் வண்டிகளில் அவற்றுக்குத் தனி வயரிங் இழுக்க வேண்டும். ஒட்டுப் போட்ட வயரிங்கில் ஒரு ஷார்ட் போதும், வண்டி எரிய. பம்பு எஞ்சினின் கரி நிறைந்த புகை வடிகட்டியை அடைக்கும். அதை எரிக்க ஆள் இல்லாததால் அடைத்தது அடைத்தபடியே இருக்கும். புகை போக வழியில்லாமல் எஞ்சின் திணறும். உடனே வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டு வைக்கச் சொல்வார்கள். புது வண்டியின் கியர் பாக்ஸும் பின் ஆக்ஸிலும் இப்போதைய எஞ்சினின் சுழற்சிக்குக் கணக்கிட்டவை. மெதுவாகச் சுற்றும் பழைய எஞ்சின் நான்கு வழிச்சாலையில் மூச்சு வாங்கும். சேமித்ததாக நினைத்த பணம் ஒரு வருடத்துக்குள் டீசலாகவும் வயரிங் கூலியாகவும் போய்விடும்.

ஆகவே செய்யத் தகுந்தது, அதே ரகத்துக்கு அதே ரகம்தான். மாடல் பெயர் ஒத்தால் மட்டும் போதாது, பி.எஸ். 4 வண்டிக்குப் பி.எஸ். 4 எஞ்சின், பி.எஸ். 6 வண்டிக்குப் பி.எஸ். 6 எஞ்சின். ஒரே பேரில் விற்ற வண்டியிலும் இரண்டு விதிகளுக்கு இடையே சென்சார், இன்ஜெக்டர், வயரிங் சாக்கெட் எல்லாம் மாறியிருக்கும். பழைய எஞ்சின் வாங்கும்போது, அது சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வந்தாலும் உள்ளூர்க் கண்டம் வண்டியிலிருந்து வந்தாலும், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். ஆயில் சட்டியைக் கழற்றி அடியில் உலோகத் தூள் இருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும். டர்போ ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடுகிறதா, ஹெட்டின் நீர்வழியில் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியின் எஞ்சின் கழுவி, பெயின்ட் அடித்து, பளபளவென்று கடைக்கு வரக்கூடும். சாக்கெட் பின்களில் படிந்த பச்சைக் களிம்பைப் பெயின்ட் மறைக்காது.

இறக்கி ஏற்றுவது இரண்டு ஆள் வேலை. பேட்டரியைக் கழற்றி, கூலன்டையும் ஆயிலையும் வடித்து, பானெட், ரேடியேட்டர், இன்டர்கூலரை எடுத்துவிட்டால் முன்பக்கம் திறந்த வாய் போலாகும். கியர் பாக்ஸைப் பின்னுக்கு இழுத்து, மவுண்டிங் போல்ட்டுகளை விட்டதும் செயின் பிளாக் எஞ்சினைத் தூக்கும். இந்த அளவு எஞ்சினின் எடை இருநூறு கிலோவைத் தாண்டும் என்பதால் அடியில் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் வெளியே இருக்கும் அந்த ஒரு நாளில் மாற்றாமல் விட்டால் பிற்பாடு அழ வைக்கும் சாமான்கள் உண்டு. கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல், மவுண்டிங் ரப்பர், வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட். இவற்றின் விலை அதிகமில்லை. மறுபடி கியர் பாக்ஸை இறக்கும் கூலிதான் அதிகம்.

இன்டர்கூலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய எஞ்சின் டர்போ உடைந்து போயிருந்தால் அதன் உலோகச் சில்லுகள் இன்டர்கூலருக்குள் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் மாட்டினால் முதல் மேட்டிலேயே அந்தச் சில்லுகளைப் புது எஞ்சின் விழுங்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் டீசல் டேங்கையும் இறக்கிச் சுத்தம் செய்தாக வேண்டும். காமன் ரெயில் பம்புக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் விஷம். பல காமன் ரெயில் வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். எஞ்சினோடு வந்த இன்ஜெக்டர்களின் குறியீட்டை ஸ்கேனர் வைத்து ஈ.சி.எம்முக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாத எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடிலில் உதறும். ஸ்கேனர் இல்லாத பட்டறை இந்த வேலையை எடுக்கக் கூடாது. உள்பாகம் புதிதாக வந்த எஞ்சினுக்கு முதல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் அரை லோடு போதும். முதல் ஆயிலையும் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும்.

ஹாஃபா, ஃபுல்லா என்ற கேள்விக்குப் பதில் பழைய எஞ்சினின் மேல்பாகத்தில் இருக்கிறது. ரிங் தேய்ந்து, பிளாக்கும் கிராங்கும் நன்றாக இருந்தால் இரண்டுமே வேண்டாம். லைனர் உள்ள பிளாக்கில் லைனரையும், இல்லாததில் ரீபோர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டனையும் போட்டு, கிராங்கைக் கடைந்து ஓட்டலாம்; எஞ்சின் எண்ணும் மாறாது. ராடு பிளாக்கைக் கிழித்து, ஹெட்டும் இன்ஜெக்டரும் நல்ல நிலையில் இருந்தால் ஹாஃப் எஞ்சின். அதிக சூட்டில் ஹெட் வளைந்து, டர்போவும் போயிருந்தால் ஃபுல் எஞ்சின். வண்டியின் இன்றைய சந்தை விலையில் பாதியைப் பில் தாண்டினால், எஞ்சின் மாற்றுவதைவிட வண்டியை அப்படியே விற்றுவிடுவது லாபம். பட்டறைக்காரர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கடைசியாகக் காகிதம். எஞ்சின் எண் பிளாக்கில் பொறிக்கப்படுகிறது. அதே எண் ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் இருக்கிறது. ஆக, ஹாஃப் எஞ்சின் போட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது வேறு எஞ்சின். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு அங்கீகரித்த கிட் பொருத்த மட்டும் நிபந்தனையோடு வழி விடுகிறது. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இதே கண்டிப்போடு உறுதிசெய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பி.எஸ். 6 வண்டியில் பழைய பம்பு எஞ்சினை ஏற்றுவது இதற்குள் நேராக வந்து விழுகிறது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பிளாக் எண்ணைப் பார்த்தால் அன்றோடு வண்டி ஓட்டம் நிற்கும். அதற்கு முன்பே விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மறுப்புச் சொல்ல ஒரு காரணம் தயாராக இருக்கும்.

அதே ரக எஞ்சினுக்கு வழி திறந்தே இருக்கிறது. வண்டி எந்த ஆர்.டி.ஓ. அலுவலக எல்லைக்குள் இருக்கிறதோ, அது திருநெல்வேலியின் டி.என். 72 ஆகட்டும், தென்காசியின் 76 ஆகட்டும், தூத்துக்குடியின் 69 ஆகட்டும், அங்கே முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஃபைனான்ஸில் உள்ள வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் எழுத்துமூலமான சம்மதமும் வேண்டும். எஞ்சின் விற்றவரிடம் பில்லும், அந்த எஞ்சின் முன்பு இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் வாங்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் அந்த எண் திருட்டு வண்டியுடையதா என்று பார்த்துவிட வேண்டும். திருட்டு வண்டியின் எஞ்சின் என்று பிறகு தெரியவந்தால் போலீஸ் முதலில் வருவது அதை மாட்டியிருக்கும் வண்டிக்காரர் வீட்டுக்குத்தான். மாற்றிய விவரத்தைப் பதினான்கு நாட்களுக்குள் ஆர்.சி.யோடு அலுவலகத்தில் தெரிவித்து, புது எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதினான்கு நாள் கணக்கு, எஞ்சின் மாட்டிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது.